பத்து மில்லி விட மறுத்த கதை

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. "உன்னால முடியாது" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். முடித்த வேலை உருப்படியாக இருக்குமா என்பது வேறு விஷயம். (என் கணவர் கதிரேசனைக் கேட்டால் அது மட்டும்தான் விஷயம் என்பார். அவரைக் கேட்க வேண்டாம்.) தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, நான் பிடிக்கிற முயல்களுக்கு மூன்று காலே அதிகம்.

துபாயில் அல் குசைஸ் பக்கம் ஒரு பழைய வில்லாவைக் கூறு போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்பக்கக் கூறு எங்களுக்கு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, அப்புறம் பின் முற்றத்தை ஒட்டி ஒரு தனி ரூம். அந்த ரூமுக்கு ஏசி கிடையாது. வைக்கவும் முடியாது, கரண்ட் லைன் லோடு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே நவம்பரிலிருந்து மார்ச் வரை அது எங்கள் வீட்டின் ராஜதர்பார். வெள்ளிக்கிழமையானால் தோழிகள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து அங்கேதான் உட்காருவார்கள். ஏப்ரல் பிறந்ததும் ஜன்னலுக்கு அலுமினியத் தாளை ஒட்டிக் கதவைச் சாத்திவிடுவோம். அதற்கப்புறம் அந்த ரூமில் வசிப்பது எங்கள் பீரோ ஒன்றுதான். படுக்கையறையில் இடமில்லாததால் பீரோ அங்கே போயிற்று. எங்கள் பட்டுப்புடவை, நகை, பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்தான்.

அந்த ரூமின் தரை வெறும் சிமென்ட். ஜனவரியில் கால் வைத்தால் ஜில்லிப்பு முழங்கால்வரை ஏறும். எவ்வளவு பெருக்கினாலும் பொடி உதிரும். ஒரு வெள்ளிக்கிழமை தோழி ஒருத்தி, என் கையால் செய்த கோலா உருண்டையை நாலு தின்றுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தேனு, ஆனா உன் வீட்டுக்கு வந்தா செருப்போட சாப்பிட வேண்டியிருக்கு" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணவரிடம் மரத்தரை மாதிரி பலகை போடலாம் என்றேன். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர். எதையும் எண்ணிப் பார்த்து, இரண்டு தரம் சரிபார்த்துத்தான் பேசுவார். அதனால் நான் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

"வருசத்துல அஞ்சு மாசம் உக்கார்ற ரூமு. ரெண்டு கோரைப்பாய் வாங்கிப் போட்டா முடிஞ்சுது. பலகை அது இதுன்னு ஆரம்பிக்காத, உன்னால முடியாது."

கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றைக்கே போனை எடுத்து ஆராய்ச்சியில் இறங்கினேன். சீதோஷ்ணத்தைக் கட்டுப்படுத்தாத ரூமுக்கு என்ன தரை போடலாம் என்று தேடினால், வந்தவர்கள் எல்லோரும் கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். அவர்கள் பின்னால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீட்டர் இல்லாத ரூம், மலைமேல் விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடு, இவற்றுக்கு எந்தத் தரை தாங்கும் என்று அவர்கள் மணிக்கணக்காகப் பேசினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ரூமிலும் ஹீட்டர் இல்லைதானே. (சூரியன் இருக்கிறது என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கூரைக்கு மேலே இலவசமாக எரிகிற ஹீட்டர் யார் கண்ணுக்குத் தெரிகிறது?)

அதில் ஒரு தாடிக்காரர் எனக்கு மானசீக குருவாகிவிட்டார். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் வினைல் என்கிற பிளாஸ்டிக் பலகைதான் நல்லது, தண்ணீருக்கு அசையாது, பசையே வேண்டாம் என்றார். ரூம் குளிர்ந்தால் பலகை சுருங்கும் என்றும் சொன்னார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

பலகை வாங்க ஹாஜா அண்ணன் கடைக்குப் போனேன். அதிராம்பட்டினத்துக்காரர். எனக்குப் பட்டுக்கோட்டை. ஊரில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருப்பவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம், துபாயில் பார்த்தால் கூடப்பிறந்த பிறப்பு. அல் குசைஸில் அவருக்குத் தரைச் சாமான் கடை. இருபது வருஷமாக வளைகுடாவின் தரையெல்லாம் பார்த்தவர்.

"ஏசி இல்லாத ரூமா? டைல்ஸ் போடுங்க தங்கச்சி. கோடையில மூடிப் போட்டாலும் அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார்.

"டைல்ஸ் வேணாண்ணே, காலு சில்லுங்கும். எனக்கு மரக்கலர் பலகைதான் வேணும்."

"சரி, ஆசைப்படுறீங்க. ஆனா நான் சொல்றத மட்டும் கேளுங்க. நாலு பக்கமும் சுவத்தோட ஒட்டாம பத்து மில்லி, ஒரு சுண்டுவிரல் அகலத்துக்கு, கேப் விடணும். சுவத்தடியில ஸ்கர்ட்டிங்னு ஒரு பட்டி அடிச்சா அந்தக் கேப் வெளிய தெரியாது. பலகை மேல வெயிட்டான பீரோ கீரோ வைக்காதீங்க. நம்ம ஃபிட்டர் வந்தா ஒரு நாள் வேலை."

"ஃபிட்டரெல்லாம் வேணாம். நானே போட்டுக்குவேன்."

ஹாஜா அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் என் வியாதி இரண்டு மடங்காகிவிட்டது.

இந்த இடத்தில் துபாய் வீட்டுப் பெண்களின் நிரந்தர எதிரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரப்பான்பூச்சி. பழைய வில்லா என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் கையில் சிலிக்கான் டியூபோடு அலைகிறவள். சிங்குக்கு அடியில், குழாய் வருகிற ஓட்டையில், கதவுச் சட்டத்தில், எங்கே விரிசல் கண்டாலும் சர்ரென்று பீச்சி அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடம் போய் நாலு சுவரையும் சுற்றிப் பத்து மில்லி இடைவெளி விடு என்றால், கரப்பானுக்கு நாலு வழிச் சாலை போட்டு மேலே பட்டியடித்து நிழலும் கொடு என்று அர்த்தம். என் உயிர் போனாலும் நடக்காது.

தவிர என் குரு என்ன சொன்னார்? பலகை சுருங்கும் என்றார். சுருங்கினால் இடைவெளி தானாக வருமே. தானாக வரப்போகிறதற்கு நாம் வேறு எதற்கு விட வேண்டும்? இந்தத் தர்க்கத்தை நானே கண்டுபிடித்து, நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரிக் கடைசியில், நல்ல குளிரில், நாலு நாள் முட்டி தேயத் தேய உட்கார்ந்து போட்டேன். பீரோவை மட்டும் கணவர் நகர்த்திக் கொடுத்தார். பலகை அரை விரல் அதிகமென்றால் அறுத்து, சுவரோடு ஒட்டவைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கினேன். வாசல் பக்கமும் நிலைச் சட்டத்தில் முட்ட வைத்தேன். கடைசியில் சுற்றிலும் சிலிக்கானை வேறு பீச்சினேன். எதிர்ச்சுவர் ஓரமாகப் பீரோவைத் தூக்கி அதே பலகை மேல் வைத்தோம். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டுகூடப் போகாது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை தோழி வந்து செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு அந்த ரூமை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு கேசரி பரிமாறினேன். கணவர்கூட "பரவால்லயே" என்றார். அவர் அகராதியில் அதுதான் பத்மபூஷண்.

ஏப்ரலில் வழக்கப்படி ஜன்னலை மறைத்து ரூமைச் சாத்தினோம். மே நடுவில் ஏதோ எடுக்கப் போனபோது கதவு கொஞ்சம் பிடித்தது. பழைய கதவு என்று காலால் ஒரு உதை விட்டேன். திறந்தது. மூச்சு முட்டுகிற சூட்டில் எதையும் பார்க்காமல் எடுக்க வந்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

ஜூனில் என் தம்பி குமாருக்குக் கல்யாணம். நான் ஒரே அக்கா. எங்கள் பக்கம் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும். ஒன்றுவிட்ட அக்கா தங்கை யாரையாவது நிறுத்திச் சமாளிக்கலாம்தான். ஆனால் குமார் ஆறு வயதில் அம்மை போட்டுக் கிடந்தபோது என் மடியை விட்டு இறங்காதவன். "நீ வந்து முடிச்சுப் போடலன்னா நான் தாலியவே தொட மாட்டேன்" என்று போனில் சொன்னவன். அவனுக்கு வரப்போகிறவள் கழுத்தில் வேறு ஒருத்தி கை படுவதை நினைத்தாலே எனக்கு அழுகை வரும்.

கணவருக்கு லீவு இழுத்துப் பறித்துக் கடைசியில்தான் கிடைத்தது. பிற்பகல் ஒரு மணிக்குத் திருச்சி விமானம். ராத்திரி ஊர். விடிந்தால் முகூர்த்தம். அந்த விமானத்தை விட்டால் வேறு வழியே கிடையாது.

புறப்படுகிற அன்று காலை எட்டரை மணி. பெட்டிகள் கட்டி, எடை பார்த்து, கயிறு சுற்றி ஹாலில் நிற்கின்றன. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இனியா புது கவுனோடு சோபாவில் தயாராக உட்கார்ந்திருக்கிறாள்.

"பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வா, பையில வச்சுடறேன்" என்றார் கணவர்.

சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினேன். நாலு விரல் அகலம் திறந்து நின்றுவிட்டது. உதைத்தேன். அசையவில்லை. தோளால் இடித்தேன். உள்ளேயிருந்து யாரோ திருப்பி இடிப்பது போலிருந்தது. உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இனியா குனிந்து இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். "அம்மா, உன் ஃப்ளோர் மவுன்டன் ஆயிடுச்சு" என்றாள்.

நானும் பார்த்தேன். வாசலடியிலேயே சரிவு தொடங்கி, இரண்டடி தள்ளி உச்சியாகி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், என் மரக்கலர் தரை கூடாரம் அடித்து நின்றது. ஒரு சாண் உயரம் இருக்கும். அடியில் ஆட்டுக்குட்டி படுக்கலாம். கதவு உட்பக்கம் திறக்கிற கதவு. அது அந்தக் கூடாரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கூடாரத்துக்கு அப்பால் பீரோ. பீரோவுக்குள் மூன்று பாஸ்போர்ட்.

கணவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவைத் தள்ளினார். நானும் சேர்ந்து தள்ளினேன். இரண்டு பேர் பலத்துக்கும் அது இம்மியும் கொடுக்கவில்லை. ஜன்னல் வழியாகப் போகலாம் என்றால் இரும்புக் கம்பி.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் யோசனைகளால் வந்த கஷ்டத்துக்கு இன்னொரு யோசனைதான் மருந்து என்று நம்பிய காலம் அது.) சூட்டில்தானே விரிந்தது? குளிர வைத்தால் சுருங்கும். குருவே சொல்லியிருக்கிறார்.

"ஏங்க, குரோசரிக்கு ஓடிப் போயி ஐஸ் மூட்டை எத்தனை இருக்கோ அத்தனையும் வாங்கிட்டு வாங்க."

"தேனு."

"வாங்கிட்டு வாங்கங்கிறேன்ல."

ஏழு மூட்டை வந்தது. நாலு விரல் இடுக்கு வழியாக ஒவ்வொரு கட்டியாக உள்ளே தள்ளினேன். அந்த ரூம் சூட்டில் ஐஸ் கீழே விழுந்ததும் தண்ணீராகி, கூடாரத்தின் சரிவில் வழிந்து, கதவுக்கு அடியால் என் காலுக்கே திரும்பி வந்தது. நான் விடவில்லை. ஏழு மூட்டையும் தீர்கிற வரை தள்ளினேன். தரை ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. இனியா இவ்வளவையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

மணி பத்தே கால். கணவர் மெதுவாக, "ஹாஜா பாய்க்கு போன் போடவா?" என்றார்.

எனக்கு அதைவிட அவமானம் உலகத்தில் கிடையாது. ஆனால் கண்ணுக்குள் குமார் வந்து நின்றான். மணையில் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பார்க்கிறான். "போடுங்க" என்றேன்.

ஹாஜா அண்ணன் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார். கையில் கரண்டில் ஓடும் சின்ன ரம்பம். ஈரத்தில் மண்டியிட்டு இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் திரும்பி, குழந்தையிடம் கேட்பது போல் கேட்டார்.

"பத்து மில்லி கேப் விட்டீங்களா தங்கச்சி?"

"கரப்பான்பூச்சி வரும்ணே."

"பீரோ எங்க இருக்கு?"

"பலகை மேலதான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இந்த நீள ரூமுக்கு இந்தக் கோடையில ஏழெட்டு மில்லி நீளும். அந்தப் பக்கம் பீரோ அமுக்கி உக்காந்துருக்கு. இந்தப் பக்கம் நிலை முட்டுது. பாவம், அது எங்கதான் போகும்? மேலதான் எந்திரிக்கும்" என்றார். என் மேல் பரிதாபப்படாமல் பலகையின் மேல் பரிதாபப்பட்டார்.

"இப்ப என்னண்ணே பண்றது?"

"கதவோட கீழ்ப்பக்கத்த அறுத்துடலாம். மேல் பாதி கூடாரத்துக்கு மேலயே திறந்துக்கும்."

"கதவையா? வில்லா ஓனர் என்ன சொல்வாரு? வேற வழி ஏதாவது..."

"கதவு வேணுமா, கல்யாணம் வேணுமா?"

"அறுங்க" என்றேன்.

ரம்பம் பத்து நிமிஷம் அலறியது. முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்த கதவு நிலையோடு நின்றுவிட்டது, மேல்பாகம் கழுத்து வெட்டின கோழி மாதிரி ஆடிக்கொண்டு திறந்தது. உள்ளே போக கணவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நான் அவரைத் தடுத்தேன்.

"நான் போட்ட தரை. நான்தான் போவேன்."

"இப்பவுமாடி?" என்றார் கணவர். வழி விட்டார்.

அறுந்த கதவைத் தாண்டி கூடாரத்தின் உச்சியில் காலை வைத்தேன். படாரென்று ஒரு சத்தம். மலை அமுங்கியது, நான் அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், நாலு பலகை மாட்டல் கழன்று தெறித்துச் சுவரில் மோதின. இட்லிப்பானைக்குள் விழுந்தது போல் சூடு. எழுந்து புடவைத் தலைப்பால் பீரோவின் கைப்பிடியைப் பிடித்துத் திறந்து, பாஸ்போர்ட்டையும் தம்பி பெண்டாட்டிக்கு வாங்கி வைத்திருந்த செயினையும் மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஐஸ் தண்ணீரும் வியர்வையும் கண்ணீரும் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

ஹாஜா அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, "கலாஸ், முடிஞ்சுது. யல்லா, கெளம்புங்க. கதவ நான் அட்டை வச்சு அடைச்சுட்டுப் போறேன்" என்றார். கும்பிட்டேன். "போங்க தங்கச்சி, முடிச்சாவது நல்லாப் போடுங்க" என்றார்.

கவுன்டரை மூடுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் விமான நிலையத்தில் போய் நின்றோம். என் கால் விரலெல்லாம் ஈரத்தில் ஊறிப் போயிருந்தது. விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் இனியா சொன்னாள். "அம்மா, நீ ஐஸ் தள்ளினதுலேருந்து ஹாஜா அங்கிள் கேப் பத்திக் கேட்டது வரைக்கும் வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன். குமார் மாமா சிரிச்சு சிரிச்சு முப்பது ஸ்மைலி அனுப்பிருக்காங்க."

ஆக, நான் பட்டுக்கோட்டை போய் இறங்குவதற்கு முன்பே என் தரை அங்கே போய் இறங்கிவிட்டது. மண்டப வாசலில் சந்தனம் கொடுத்த பெரியப்பா, "வாம்மா, ஐஸ் தீர்ந்துடுச்சா?" என்றார். சமையல்கட்டில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது அந்த இரண்டு முடிச்சு.

மறுநாள் காலை கெட்டிமேளம் முழங்கியது. குமார் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டான். பெண்ணின் பின்னால் நின்றிருந்த நான் கயிற்றை வாங்கினேன். பட்ட பாடெல்லாம் கைக்கு வந்துவிட்டது. கண்ணீர் மறைக்கிறது, முடிச்சு தெரியவில்லை, ஆனால் அவிழவே கூடாது என்ற ஒரே வைராக்கியத்தில் இழுத்து இறுக்கினேன். மஞ்சள் கயிறு பெண்ணின் கழுத்தில் ஒட்டியது. அவள் லேசாக இருமினாள்.

குமார் தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "அக்கா. பத்து மில்லி கேப் விடு."

என் காதுக்கு மட்டும் என்று அவன் நினைத்தான். எதிரே வீடியோக்காரர் வைத்திருந்த மைக் நெற்றிச்சுட்டி குலுங்குகிற சத்தத்தைக்கூடப் பிடிக்கிற ஜாதி. கல்யாண வீடியோவில் கெட்டிமேளத்துக்கு நடுவே அந்த ஒரு வரி தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு மணப்பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதும், நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே முடிச்சைத் தளர்த்துவதும் இருக்கிறது.

ஊரிலிருந்து திரும்பியதும் ஹாஜா அண்ணன் அந்த ரூமுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். புதுக்கதவும் போட்டாயிற்று. தெறித்த பலகை ஒன்றை அவர் கடையில் மாட்டி வைத்திருக்கிறார். என் மாதிரி யாராவது "நானே போட்டுக்குவேன்" என்று வந்தால் அதைக் காட்டுகிறாராம். டைல்ஸ் ஜனவரியில் சில்லென்றுதான் இருக்கிறது. கணவர் சொன்ன கோரைப்பாய் இரண்டு வாங்கி மேலே விரித்திருக்கிறேன். அவர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, பேசாமல் இருப்பதற்கு அவர் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு குழந்தைக்குத் தாயாகிவிட்ட தம்பி பெண்டாட்டிதான் எங்கள் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிரியமானவள். நாத்தனார் கொடுமை என்ற பேச்சே எங்களுக்குள் கிடையாது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நான் போன் பண்ணி, என்ன சமைத்தாய், குழந்தை சாப்பிட்டதா, ஏன் இருமுகிறது, மருந்து கொடுத்தாயா என்று துளைத்தெடுத்தால், அவள் கோபிக்க மாட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, சிரித்த குரலில் ஒன்றே ஒன்று சொல்வாள்.

"அண்ணி, கேப் விடுங்க."

நானும் விட்டுவிடுவேன். அன்றைக்கு அவள் கழுத்தில் கண்ணீரோடு தளர்த்திய அந்த முடிச்சுதான், நான் என் வாழ்க்கையில் சரியான அளவுக்கு இடம் விட்டுச் செய்த முதல் வேலை.